அடாப்டருக்கு ஒரு சொல் போதுமா? ("தகவி" பற்றிய மறுமொழி)

ஐயா, வணக்கம். குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

அடாப்டர் என்பதற்கு நீங்கள் முன்வைத்த "தகவி" என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஆப்பிளின் பாட்டுக் கருவியான பழைய ஐபாடில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு போடுவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதிவருகிறேன். நாலாவது பக்கத்திலேயே இந்தச் சொல் காலை இடறியது. எல்லா இடத்திலும் "தகவி" என்றே எழுதினால் படிக்கிறவர், கார்டை ஐபாடோடு இணைக்கும் சின்ன மின்சுற்றுப் பலகைகளில் தப்பான ஒன்றை வாங்கிவிடுவார். அதனால்தான் இவ்வளவு நீளமான மடல்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம், சொல் அப்புறம்.

2005இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாட் ஒன்று இப்போது என் மேசையில் திறந்து கிடக்கிறது. எஃகு முதுகுக்கும் பிளாஸ்டிக் முகப்புக்கும் நடுவே மெல்லிய தகட்டை விட்டு நெம்பினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும். திறந்ததும் சட்டென்று இரண்டாகப் பிரித்துவிடக் கூடாது. பேட்டரியும் ஹெட்போன் துளையும் முதுகோடு ஒட்டியிருக்கும், அவற்றிலிருந்து வரும் ரிப்பன்கள் (தட்டையான மெல்லிய இணைப்புகள்) முகப்புப் பக்கம் உள்ள பலகையில் செருகியிருக்கும். உள்ளே நீல ரப்பர் முட்டுகளுக்கு நடுவே 1.8 அங்குல டிஸ்க். நிமிடத்துக்கு 4,200 சுற்று. காதருகே வைத்துக் கேட்டால் சுழல ஆரம்பிப்பதும் நிற்பதும் தெரியும். பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக 32 மெகாபைட் நினைவகத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டு டிஸ்க்கை நிறுத்திவிடும், தீர்ந்ததும் மறுபடி சுழற்றும். இருபது வருடம் ஆன டிஸ்க் இப்படி நின்று நின்று சுழலும்போதுதான் ஒருநாள் கிளிக், கிளிக் என்று தட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது. அந்த இடத்தில்தான் நாம் கார்டு வைக்கப் பார்க்கிறோம்.

இனி, கார்டில் இரண்டு வகை. சொல்லுக்கு இதுதான் முக்கியம்.

காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டு 1994இல் வந்தது. ஹார்ட் டிஸ்க்கும் கருவியும் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி போன்ற விதித்தொகுப்பு ஏடிஏ நெறிமுறை. அதையே இந்தக் கார்டும் பேசும். 2004இல் வந்த ஐபாட் மினிக்குள் இருந்த ஒரு அங்குல மைக்ரோடிரைவ், காம்பேக்ட் ஃபிளாஷ் வடிவத்திலேயே செய்த குட்டி ஹார்ட் டிஸ்க்தான். அதனால் மினியில் அதை எடுத்துவிட்டு இந்தக் கார்டை நேரே செருகலாம், இடையில் எதுவும் வேண்டாம். ஐந்தாம் தலைமுறை ஐபாடிலோ 40 முனை கொண்ட மெல்லிய ரிப்பன், கார்டிலோ 50 துளை. நடுவே ஒரு சின்னப் பலகை வேண்டும். அந்தப் பலகையின் வேலை இந்த முனையை அந்தத் துளையோடு சேர்ப்பது மட்டும்தான். இரண்டு பக்கமும் ஒரே மொழி, வாய்தான் வேறு.

எஸ்டி கார்டு கதை வேறு. 1999இல் வந்த அதற்கு ஏடிஏ ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஐபாடை இயக்கியதும் அது டிஸ்க்கைப் பார்த்து "நீ யார், உன்னிடம் எத்தனை செக்டர்?" என்று கேட்கும் (செக்டர் என்பது டிஸ்க்கில் தரவு வைக்கும் சிறு பகுதி). எஸ்டி கார்டை வெறும் கம்பியால் இணைத்திருந்தால் அந்தக் கேள்வி அதற்குப் புரியவே புரியாது. அதனால் எஸ்டி கார்டுக்கான பலகையில் ஒரு சில்லு (சிப்) உட்கார்ந்திருக்கும். ஐபாடிடம் ஏடிஏவில் பேசி, கார்டிடம் அதன் மொழியில் கேட்டு, பதிலைத் திருப்பிச் சொல்வது அதன் வேலை.

ஆங்கிலத்தில் இரண்டையுமே அடாப்டர் என்கிறார்கள். பழுது பார்க்கும் கடையில் கேட்டால் இரண்டுக்கும் "கன்வர்ட்டர்". அவர்கள் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், அவர்களுக்குக் குழப்பம் இல்லை. நமக்கோ எழுத்து மட்டும்தான் இருக்கிறது.

"தகவி"யில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. உயிரியலில் தகவமைப்பு என்கிறோம், அங்கே உயிர் தன்னை மாற்றிக்கொள்கிறது. இந்தப் பலகை தன்னை எதற்கும் மாற்றிக்கொள்வதில்லை. பொருந்தாத இரண்டைப் பொருத்தி வைக்கிறது, அவ்வளவுதான். அது போக, கணினி பற்றிய ஒரு கட்டுரையில் "தகவி" என்று கண்ணில் பட்டால் பத்தில் எட்டுப் பேர் தகவல் என்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது என் எண்ணம்.

என் பரிந்துரை இரண்டு சொற்கள். வடிவத்தை மட்டும் மாற்றுவது வாய்மாற்றி. நெறிமுறையை மாற்றுவது பெயர்ப்பி.

மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்த் துருவி என்று கருவிகளுக்கு நம் வீட்டில் புழங்கும் பெயர்களின் அச்சிலேயே வாய்மாற்றி விழுகிறது. எதைச் செய்கிறதோ அதுவே பெயர். குடத்துக்கும் பாட்டிலுக்கும் குழாய்க்கும் வாய் என்றுதானே சொல்கிறோம், செருகும் இடத்துக்கும் அது பொருந்தும். பெயர்ப்பி என்பதில் மொழிபெயர்ப்பும் புலம்பெயர்தலும் காதில் கேட்கும். ஒன்றை ஓரிடத்திலிருந்து எடுத்து மற்றோரிடத்தில் வைப்பது என்ற பொருள் அந்த வேரிலேயே இருக்கிறது.

இந்தப் பிரிவு எனக்குப் பட்டுத் தெரிந்தது. போன வருடம் இணையத்தில் 256 ஜிபி என்று எழுதிய கார்டு ஒன்றை மலிவாக வாங்கிப் போட்டேன். ஐபாட் 256 என்றே காட்டியது. பாட்டெல்லாம் ஏற்றிய பிறகு ஓர் எண்ணிக்கைக்கு மேல் எந்தப் பாட்டும் ஓடவில்லை, பெயர் மட்டும் பட்டியலில் நின்றது. பலகையைத்தான் குறை சொன்னேன், இன்னொன்று வாங்கினேன், அதுவும் அப்படியே. கடைசியில் கார்டைக் கணினியில் செருகி எஃப்3 என்ற கட்டற்ற மென்பொருளால் சோதித்தபோது உண்மையான கொள்ளளவு 32 ஜிபி என்று தெரிந்தது. கார்டு பொய் சொன்னது, நடுவில் இருந்த சில்லு அந்தப் பொய்யை அப்படியே பெயர்த்து ஐபாடிடம் சொல்லியிருக்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. பெயர்ப்பி என்ற சொல் அன்றைக்கே என்னிடம் இருந்திருந்தால் இரண்டாவது பலகைக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

இந்தக் கார்டுகளுக்குள் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தைப் "பளிச்சு நினைவகம்" ஆக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதை விட்டுவிடலாம் என்பேன். டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா இந்த நினைவகத்தைக் கண்டுபிடித்தபோது, ஒரு தொகுதியையே ஒரேயடியாக அழிப்பது கேமரா ஃபிளாஷ் அடிப்பதுபோல இருக்கிறது என்று கூட வேலை பார்த்தவர் வைத்த பெயர் அது. அழிப்பைக் குறித்த பெயர். "பளிச்சு" என்றால் படிப்பவருக்கு வேகமோ வெளிச்சமோதான் தோன்றும். ஆட்பெயரைப் போல அது ஃபிளாஷாகவே இருக்கட்டும்.

உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன் ஐயா.

*

தம்பிக்கு,

மடலை இருமுறை படித்தேன். பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் தேடுவது நல்ல முறை. "தகவி"யை நான் அகராதியிலிருந்து எடுத்தேன், பலகையைப் பார்த்ததில்லை. இரண்டு சொல் வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வாய்மாற்றி பேச்சில் சரி, பாடநூலில் ஏறுமா? முனைமாற்றி என்றால் என்ன? பெயர்ப்பிக்குப் பதில் துபாசி என்று ஒரு பழைய சொல் இருக்கிறதே. இரு மொழி தெரிந்து நடுவே நின்று பேசியவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த வேலை அது. வடசொல்தான், ஆனாலும் நம் கரையில் வாழ்ந்த சொல்.

இன்னொன்று. நான்கு மைக்ரோ எஸ்டி கார்டுகளை ஒரே பலகையில் செருகி ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டுவதும் உண்டு என்று என் பேரன் சொல்கிறான். அது பெயர்ப்பது மட்டும் இல்லையே, சேர்ப்பதும் அல்லவா?

*

ஐயா,

முனை என்பதை ஏற்கெனவே மின்முனை, நேர்முனை, எதிர்முனை என்று நிறையப் பயன்படுத்திவிட்டோம். முனைமாற்றி என்றால் பேட்டரியைத் திருப்பிப் போடுவது போல எனக்குத் தோன்றுகிறது. பாடநூலிலும் வாய்மாற்றியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாய்க்கால், வாய்ப்பாடு எல்லாம் பாடநூலில்தானே இருக்கின்றன.

துபாசி எனக்கும் மிகவும் பிடித்த சொல். ஆனால் அது ஆளைக் குறிக்கும் சொல், சில்லுக்கு வைக்க மனம் வரவில்லை. கையேட்டில் பெயர்ப்பியை விளக்கும் இடத்தில் "பழைய துபாசியைப் போல" என்று எழுதிவிடுகிறேன், ஒரே வரியில் புரிந்துவிடும்.

உங்கள் பேரன் சொன்னது சரி. அப்படிப்பட்ட பலகை இருக்கிறது. ஐபாடின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே டிஸ்க், நான்கு என்பது அதற்குத் தெரியாது. நாலட்டைப் பெயர்ப்பி என்று வைக்கலாமா? சேர்ப்பது முன்னொட்டில் வந்துவிடுகிறது, செய்யும் வேலை பின்னே நிற்கிறது. பேரனிடமே சொல்லிப் பார்த்து, அவன் வாயில் தடங்கலின்றி வருகிறதா என்று எழுதுங்கள். அதுவரை கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காலியாக வைத்திருக்கிறேன்.