செல்லோ வாங்க நியூ ஹாம்ப்ஷயர் போகலாமா? 300 டாலர் விஷயம்

செல்லோ அம்மா (ஃப்ரேமிங்ஹாம், மாசசூசெட்ஸ்)

வணக்கம். என் பொண்ணுக்குப் பதிமூணு வயசு. நாலாம் வகுப்புல பள்ளி ஆர்க்கெஸ்ட்ராவுல செல்லோ (வயலின் மாதிரிதான், ஆனா ரொம்பப் பெருசு) எடுத்தா. இதுவரைக்கும் பள்ளி மூலமா வாடகைக்கு எடுத்த முக்கால் சைஸ்தான். இப்ப கை நீண்டுடுச்சு. "முழு சைஸ் சொந்தமாவே வாங்கிடுங்க"ன்னு டீச்சரும் சொல்லியாச்சு.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு வயலின் கடை இருக்கு. நடத்துறவர் வயசானவர், தானே வாத்தியம் செய்வார், பழுதும் பார்ப்பார். மூணு செல்லோவைப் பத்து நாளைக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்பிட்டார். கிரெடிட் கார்டு நம்பரை மட்டும் குறிச்சுக்கிட்டார், அவ்வளவுதான். ஹால் முழுக்க மூணும் படுத்துக் கிடக்கு, நடக்க இடமில்ல. பொண்ணு அதுல ஒண்ணை விட மாட்டேங்கறா. விலை 4,800 டாலர். எங்க மாநில சேல்ஸ் டாக்ஸ் 6.25 சதவீதம், கணக்குப் போட்டா சரியா 300.

வீட்டுக்காரர் அன்னைக்கே நெட்ல தேடிட்டார். நாஷுவாவுல ஒரு கடையில இதே கம்பெனி, இதே மாடல், இதே விலை. நியூ ஹாம்ப்ஷயர்ல சேல்ஸ் டாக்ஸே கிடையாது. "ஒரு மணி நேரம் காரை ஓட்டினா 300 டாலர் மிச்சம். எல்லாரும் செய்யறதுதானே"ங்கறார். தப்புன்னு சொல்ல எனக்கும் வாய் வரல, ஏன்னா போன வருஷம் 1,400 டாலர் டிவியை எல்லை தாண்டிப் போய் வாங்கிட்டு வந்தப்ப பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஆனா ரெண்டு விஷயம் உறுத்துது. பெரியவரோட செல்லோவைப் பத்து நாள் வாசிச்சுப் பார்த்துட்டு, காசை வேற கடையில கொண்டு போய்க் கொடுக்கறது ஒண்ணு. இன்னொண்ணு, வீட்டுல வரி ரிட்டர்ன் போடறது நான். ஒவ்வொரு வருஷமும் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்கும்: வெளி மாநிலத்துல வரி கட்டாம ஏதாவது வாங்கினீங்களா? பன்னிரண்டு வருஷமா 0 போட்டுட்டு அடுத்த பக்கம் போயிட்டிருக்கேன்.

சட்டத்தை மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

---

நாஷுவாக்காரன்

வாங்க அக்கா, எங்க ஊருக்கு! சனிக்கிழமை இங்க பார்க்கிங்ல பாதி உங்க மாநில நம்பர் பிளேட்தான். யாரும் உங்களைத் திருடன்னு பார்க்கறதில்ல.

எங்களுக்கு சேல்ஸ் டாக்ஸ் இல்லைன்னதும் சொர்க்கத்துல இருக்கோம்னு நினைக்காதீங்க. அதையெல்லாம் வீட்டு வரியில உருவிடறாங்க. ஹோட்டல்ல சாப்பிட்டா 8.5 சதவீதம் தனி. பொருளுக்கு வரி போடறதில்லைங்கறது எங்க மாநிலம் எடுத்த முடிவு. கதவு திறந்திருக்கு, நீங்க உள்ள வந்து வாங்கறீங்க. இதுல மனசாட்சி எங்க வந்துது? பெரிய கம்பெனியெல்லாம் கோடிக்கணக்குல வரியை மிச்சம் பிடிக்கறப்ப, செல்லோ வாசிக்கற பொண்ணோட அம்மா 300 டாலருக்குத் தூக்கம் கெடணுமா?

---

கணக்குப்பிள்ளை

தம்பி சொன்னதுல பாதி சரி. நாஷுவா கடை மேல ஒரு தப்பும் இல்ல. மாசசூசெட்ஸ் பிளேட் போட்ட கார்களுக்கு டயர் மாட்டின நியூ ஹாம்ப்ஷயர் கடைகள்கிட்ட "எங்க வரியை ஏன் வசூலிக்கல"ன்னு மாசசூசெட்ஸ் வரித்துறை கேட்டு, 2009ல அந்த வழக்குல தோத்துப் போச்சு. அதனால கவுண்டர்ல காசு கொடுத்துக் கையோட தூக்கிட்டு வந்தா, கடைக்காரர் வரி எடுக்க மாட்டார்.

ஆனா வரி காணாமப் போகலம்மா. உங்க கைக்கு வந்துடுச்சு. யூஸ் டாக்ஸ்னு பேரு. எங்க வாங்கினாலும் இந்த மாநிலத்துல பயன்படுத்தினா அதே 6.25. அங்க ஏற்கனவே வரி கட்டியிருந்தா அந்த அளவுக்குக் கழிச்சுக்கலாம், நியூ ஹாம்ப்ஷயர்ல கட்டறதுக்குத்தான் எதுவுமில்லையே. யாரோ நேத்து கண்டுபிடிச்ச ஓட்டையடைப்புன்னு நினைக்காதீங்க. வாஷிங்டன் மாநிலம் 1935லயே கொண்டு வந்தது. கிராண்ட் கூலி அணை கட்டின கான்ட்ராக்டர்கள் வெளியிலிருந்து கொண்டு வந்த இயந்திரங்களுக்கு இந்த வரி செல்லாதுன்னு வழக்குப் போட்டாங்க. 1937ல சுப்ரீம் கோர்ட் செல்லும்னுடுச்சு. எல்லை தாண்டிப் போய் வாங்கறவங்களாலதான் இந்த வரியே பிறந்துது.

ஆன்லைன்ல ஆர்டர் போட்டா இப்ப இந்தச் சந்தேகமே வராது. 2018ல வேஃபேர்ங்கற ஆன்லைன் கடை வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம், நம்ம மாநிலத்துல வருஷத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல விக்கற வெளிக்கடையும் வரியைப் பிடிச்சே ஆகணும். மிச்சம் இருக்கறது உங்க மாதிரி டிக்கியில போட்டுக்கிட்டு வர்றவங்கதான்.

ஆகையால, நாஷுவாவுல வாங்கறது குற்றமில்ல. ரிட்டர்ன்ல அந்தக் கேள்விக்கு 0 போடறீங்க பாருங்க, அதுதான் பொய். பொய் சொன்னா தண்டனைக்குச் சம்மதம்னு சொல்லித்தான் கீழ கையெழுத்துப் போடறோம். ஒண்ணொண்ணும் 1,000 டாலருக்குக் கீழ இருக்கற பொருளுக்கு ரசீது தேட வேண்டாம், வருமானத்தை வச்சு ஒரு சின்னத் தொகை கட்ட அட்டவணையே கொடுத்திருக்காங்க. செல்லோவும் டிவியும் அதுல அடங்காது.

ஆகஸ்ட்ல வரி இல்லாத வார இறுதி வருமேன்னு கேட்பீங்க. ஒரு பொருள் 2,500 டாலருக்குள்ள இருந்தால்தான் அது. 4,800ன்னா முழுத் தொகைக்கும் வரி. செல்லோ வாசிக்கற வில்லைத் தனியா வாங்கறதா இருந்தா அதுக்குக் காத்திருக்கலாம்.

---

நாஷுவாக்காரன்

சார், அப்ப சென்னையிலிருந்து என் மச்சினி தூக்கிட்டு வந்த வீணைக்கு?

---

கணக்குப்பிள்ளை

மச்சினி மாசசூசெட்ஸ்னா அவங்களுக்கும் சேர்த்துத்தான் தம்பி. விமான நிலையத்துல 800 டாலர் வரைக்கும் விடறது கஸ்டம்ஸ், அது மத்திய அரசு கணக்கு. மாநில யூஸ் டாக்ஸ் வேற.

---

தந்தி

இருபது வருஷமா வயலின் சொல்லிக் கொடுக்கறேன். வரியை விடுங்க, முதல்ல "இதே மாடல்"ங்கற வார்த்தையே எனக்குப் பிடிக்கல. டிவி வேணா அப்படி இருக்கலாம். ஒரே பட்டறையில ஒரே வாரத்துல வந்த ரெண்டு செல்லோ ஒண்ணு போல பேசினதை நான் பார்த்ததே இல்ல. உங்க பொண்ணு பத்து நாளா மடியில வச்சுக்கிட்டிருக்கறது அந்த ஒரு செல்லோவை. நாஷுவாவுல இருக்கறது வேற.

அடுத்து, இந்த ஊர்க் குளிர். ஹீட்டர் போட்டதும் காத்து வறண்டு மரம் சுருங்கும், செல்லோவுக்குள்ள நிக்கற சின்ன மரக்குச்சி, சவுண்ட்போஸ்ட்னு பேரு, ஜனவரியில சாஞ்சுடும். அப்ப யார்கிட்ட ஓடுவீங்க? அந்தப் பெரியவர்கிட்டதான். வேற கடையில வாங்கினதுன்னு தெரிஞ்சாலும் பார்ப்பார், அவங்க அப்படித்தான். நமக்குத்தான் முகம் கொடுக்க முடியாது.

இன்னொண்ணு. அந்த 300 டாலர்ல அவருக்கு ஒரு காசு போகாது. விலையில ஒவ்வொரு டாலருக்கும் எடுக்கற ஆறேகால் சென்ட்ல ஒரு சென்ட் பாஸ்டன் பக்கம் ஓடற எம்பிடிஏ ரயில், பஸ்ஸுக்கு, ஒரு சென்ட் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குன்னு ஒதுக்கியிருக்கு. உங்க செல்லோவுக்கு அது 48, 48. உங்க பொண்ணு முதல்முதல்ல செல்லோவைத் தொட்டது அப்படி ஒரு கட்டடத்துலதான்.

பெரிய யோக்கியன் மாதிரி பேசறேன்னு நினைக்காதீங்க. எல்லைக்கு அந்தப் பக்கம் 2,200 டாலருக்கு ஒரு வில் வாங்கி, அந்த வருஷம் நானும் 0தான் போட்டேன். இன்னைக்கும் அதை வச்சுத்தான் வாசிக்கறேன், நல்ல வில்.

---

செல்லோ அம்மா

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

கணக்குப்பிள்ளை சார் எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினேன். "எங்க வாங்கினாலும் ஏப்ரல்ல 300 எழுதிடுவேன்"னு சொன்னதும் அவருக்கு நாஷுவா மேல இருந்த ஆசை பாதி போயிடுச்சு. இருந்தாலும் பொண்ணு கேட்டான்னு போய் வாசிச்சுப் பார்த்தோம். கடைக்காரர் நல்ல மனுஷர், ஒரு மணி நேரம் தனி அறை கொடுத்தார். தந்தி அண்ணா, நீங்க சொன்ன மாதிரியேதான். மேல் தந்தி கணீர்னு இருந்தது, கீழ சி தந்திக்கு வந்தா போர்வைக்குள்ள பேசற மாதிரி. பொண்ணு கார்ல ஏறினதும் சொன்ன ஒரே வார்த்தை, "அம்மா, நம்ம வீட்ல இருக்கறதுதான்."

பெரியவர்கிட்டயே வாங்கிட்டோம். நாஷுவா போன கதையை நானே அவர்கிட்ட சொல்லிட்டேன், மனசுல வச்சுக்க முடியல. "போகாம இருந்திருந்தாத்தான் ஆச்சரியம்"னு சொல்லிட்டு செல்லோவுல தந்திகளைத் தாங்கற பிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தார்.

டிவிக்கு 87 டாலர் 50 சென்ட் வருது. போன வருஷ ரிட்டர்னைத் திருத்தி அனுப்பணும். இன்னும் அனுப்பல. 87 டாலருக்கு ரிட்டர்னைத் திருத்தற ஒரே ஆள் இந்த மாநிலத்துலயே நீதான்னு வீட்டுக்காரர் சிரிக்கறார். பன்னிரண்டு வருஷத்துல மத்தது என்னென்ன வாங்கினோம்னு ரசீதும் இல்ல, ஞாபகமும் இல்ல.

தந்தி அண்ணா, ஒரு உதவி. குளிருக்கு செல்லோவுக்குள்ள தொங்க விடற ஈரக்குழாய் மாதிரி ஒண்ணு விக்கறாங்களே, அது போதுமா, இல்ல அறைக்கே ஹ்யூமிடிஃபையர் வாங்கணுமா?

---

தந்தி

அறைக்கே வாங்குங்க. ஈரப்பதம் 40லிருந்து 50 சதவீதத்துக்குள்ள நிக்கற மாதிரி பார்த்துக்குங்க, சின்ன மீட்டர் ஒண்ணு கேஸுக்குள்ள போட்டு வைங்க. ஹீட்டர் பக்கத்துல மட்டும் நிறுத்தாதீங்க.

---

நாஷுவாக்காரன்

ஹ்யூமிடிஃபையர் இங்க நல்ல விலைக்குக் கிடைக்குது அக்கா. சும்மா சொன்னேன்.