முதல் அடி ஆறு அங்குலம்: அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியில் நாங்கள் கண்டவை

டாலஸ் புறநகரிலிருந்து ஒரு தந்தை:

என் மகன் ஒன்பதாம் வகுப்பில் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் சேர்ந்தபோது, அந்த விளையாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளிக்கிழமை இரவுகளில் எங்கள் ஊர்ச் சாலைகள் அதனால் நெரிசலாகிவிடும் என்பது மட்டுமே. உடல் சற்றுப் பருத்தவன் என்பதால் அவனை லைன்மேனாக, அதாவது பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் வரிசையாக நின்று எதிரணியினரைத் தடுத்துத் தள்ளும் ஐவரில் ஒருவனாக, நிறுத்தினார்கள். பந்தைத் தொடும் வாய்ப்பே அநேகமாக இல்லாத இடம் அது. ஆள் கணக்குக்காகப் பையனை அங்கே நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து எனக்கு மனத்தாங்கல்கூட இருந்தது.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை பெற்றோரை மைதானத்துக்கு அழைத்திருந்தார்கள். டெக்சாஸில் உதவிப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் அதே பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள்தான்; லைன்மேன்களைப் பார்த்துக்கொள்பவர் கணித ஆசிரியர். அவர் என்னையே முன்னால் அழைத்து, கால்களை அகட்டிக் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்கச் சொன்னார். நின்றேன். எதிர்பாராத நேரத்தில் என் ஊன்றிய கையைத் தன் பாதத்தால் மெல்லத் தட்டிவிட்டார். நான் முகம் குப்புறப் புல்லில் விழுந்தேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அவர் விளக்கினார்: எடை முழுவதும் கையில் இருந்தால் முன்னால் மட்டுமே பாய முடியும்; பக்கவாட்டிலோ பின்னாலோ நகர முடியாது. அதோடு, அழுத்தத்தில் விரல் முட்டிகள் வெளுத்துவிடும். அனுபவமுள்ள எதிராளி அந்த வெளுப்பைப் பார்த்தே, இவர்கள் இப்போது பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள், வீசப்போவதில்லை என்று கண்டுகொள்வான்.

அடுத்த இருபது நிமிடங்களுக்குப் பந்தே வெளியே வரவில்லை. கற்றுத்தந்தது ஒரே ஓர் அடி. அதுவும் ஆறு அங்குல அடி. பையன்கள் ஆர்வத்தில் நீளமாகக் கால் வைத்துப் பாய்கிறார்கள். அப்படி வைத்தால் எதிராளியோடு மோதும் கணத்தில் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும், ஒற்றைக் காலில் நிற்பவனை எவனும் தள்ளிவிடலாம். முதல் அடி குட்டையாக இருந்தால்தான் மோதுவதற்கு முன் இரண்டாவது காலும் மண்ணைத் தொட்டிருக்கும். கால்கள் நெருங்கிவிடாமல் இருக்க இரண்டு கால்களுக்கும் நடுவே நீளமான ஒரு மரப்பலகையைப் போட்டு, அதன்மேல் மிதிக்காமல் இருபுறமும் கால் வைத்து முன்னேறச் சொன்னார். நிமிர்ந்துவிடாமல் இருக்க, இடுப்புக்குச் சற்று மேலே கம்பிகள் ஓடும் தாழ்வான இரும்புக் கூண்டின் அடியிலிருந்து புறப்படவைத்தார். நிமிர்ந்தவனின் ஹெல்மெட் கம்பியில் மோதி ஒலிக்கும். யாரும் யாரையும் திட்ட வேண்டியதில்லை, கம்பியே சொல்லிவிடும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. அவர் கடைசி நிலையிலிருந்து பின்னோக்கிக் கற்பித்தார். முதலில், எதிராளியின் மார்பில் இரு கைகளும் பதிந்து, கட்டைவிரல்கள் மேல்நோக்கி, முழங்கைகள் உடலோடு ஒட்டி, இடுப்பு தாழ்ந்து நிற்கும் அந்த முடிவு நிலையில் இருவரை அப்படியே நிறுத்திவைத்து, அது உடலுக்கு எப்படித் தோன்றுகிறது என்று உணரச் செய்தார். பிறகு ஓரடி தள்ளியிருந்து, அதற்குப் பிறகு ஈரடி தள்ளியிருந்து, கடைசியாகத்தான் கை ஊன்றிய நிலையிலிருந்து. போய்ச் சேர வேண்டிய இடம் உடலுக்குத் தெரிந்த பிறகு வழியைச் சொல்வது எளிது என்றார். பதினெட்டு ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் புதியவர்களுக்குப் பயிற்சி தரும் நான், ஒருமுறைகூட அந்த வரிசையில் யோசித்ததில்லை.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சங்கு ஒலிக்க, குழுக்கள் ஓடி இடம் மாறின. உடலோடு உடல் முழு வேகத்தில் மோதும் பயிற்சிக்கு, ஆட்டக் காலத்தில் ஒரு மாணவனுக்கு வாரத்துக்கு 90 நிமிடங்களே டெக்சாஸ் பள்ளிகளில் அனுமதி. எஞ்சிய நேரமெல்லாம் இப்படிப்பட்ட அடிகளுக்குத்தான். உங்களில் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

நியூ ஜெர்சியிலிருந்து, பயிற்சிக்கு உதவிய ஒருவர்:

நீங்கள் நல்ல ஆசிரியரிடம் தொடங்கியிருக்கிறீர்கள், ஐயா. எனக்கு வாய்த்தது தலைகீழ். பத்து முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களின் அணி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் தண்ணீர் கொடுப்பது, கூம்புகளை வைப்பது போன்ற உதவிகளைச் செய்துவந்தேன். முதல் ஆண்டின் தலைமைப் பயிற்றுநருக்குப் பிடித்த பயிற்சி, இரண்டு சிறுவர்களை எதிரெதிரே குறுகிய சந்து போன்ற இடத்தில் நிறுத்தி, விசில் அடித்ததும் மோதவிடுவது. ஓக்லஹோமா டிரில் என்று இதற்குப் பழைய பெயர். மற்றச் சிறுவர்கள் சுற்றி நின்று கத்துவார்கள், துணிச்சலை வளர்க்கிறதாம். ஒருநாள் நான் மிக அருகில் நின்றிருந்தேன். ஹெல்மெட்டின் முகக்கம்பிகளுக்குள் ஒரு பையன் மோதலுக்கு ஒரு கணம் முன்பு கண்களை இறுக மூடிக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணை மூடியவன் தலையைக் குனிகிறான். தலை குனிந்த நிலையில் உச்சந்தலையால் மோதுவதுதான் கழுத்தெலும்பு முறிவதற்கு வழி. பல வாரங்களாக அந்தப் பையனுக்கு நாங்கள் அதைத்தான் நன்றாகப் பழக்கிவைத்திருந்தோம். இந்தப் பயிற்சியை 2019-இல் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்எஃப்எல்லே தன் அணிகளின் பயிற்சி முகாம்களிலிருந்து நீக்கிவிட்டது.

மறு ஆண்டு வந்தவர், டேக்கிள் செய்வதை, அதாவது பந்து வைத்திருப்பவனைப் பிடித்து வீழ்த்துவதை, முழங்காலில் நின்றபடி தொடங்கினார். பிறகு நடந்து, பிறகு மெல்ல ஓடி. எதிரில் ஆள் கிடையாது. உருட்டிவிட்ட பெரிய நுரைவளையம் ஒன்றைத் துரத்திப் பிடித்துப் புல்லில் சாய்க்க வேண்டும். முன்பு சொல்லிக்கொடுத்தது, ஓடுபவனின் பாதைக்குக் குறுக்கே தலையைக் கொண்டுபோய் வை என்பது. இவர் சொன்னது அதற்கு நேர்மாறு: தலை அவனுக்குப் பின்புறம் போகட்டும், அருகிலிருக்கும் தோள் அவன் தொடையில் பதியட்டும், இரு கைகளாலும் கால்களைக் கட்டிக்கொண்டு இறுக்கு, பிறகு தள்ளு. ரக்பி ஆட்டத்திலிருந்து வந்த முறை. சியாட்டில் சீஹாக்ஸ் அணியின் பயிற்றுநராக இருந்த பீட் கேரல் 2014-இல் இதை விளக்கி வீடியோ வெளியிட்ட பிறகு பள்ளி அணிகள் வரை பரவியது. ஊரில் கபடி ஆடிய எனக்கு இது உடனே பிடிபட்டது. தொடையைக் கட்டிப் பிடிக்கப் போகிறவன் தன் முகத்தை எதிராளியின் முழங்காலுக்கு நேரே கொடுத்தால் என்னவாகும் என்பது, பல் போன ஒவ்வொரு கபடி ஆட்டக்காரனுக்கும் தெரியும்.

மோதல் இல்லாமல் பயிற்சி தந்தால் பையன்கள் மென்மையாகிவிடுவார்கள் என்று எங்கள் பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். அவர்களிடம் நான் சொன்னது மின்னசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் காக்லியார்டி செய்ததை. 2012-இல் அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய வெற்றிகள் 489. கல்லூரிக் கால்பந்து வரலாற்றில் வேறெந்தப் பயிற்றுநருக்கும் அத்தனை வெற்றிகள் இல்லை. அவர் பயிற்சியில் விசில் கிடையாது, டேக்கிள் கிடையாது. டார்ட்மத் கல்லூரியின் பயிற்றுநர் பட்டி டீவன்ஸ் 2010-இல் தன் வீரர்கள் ஒருவரையொருவர் டேக்கிள் செய்வதைப் பயிற்சியிலிருந்து அறவே நிறுத்தினார். பின்னர் அக்கல்லூரியின் பொறியியல் மாணவர்கள் தொலைவிலிருந்து இயக்கக்கூடிய, விழுந்தாலும் தானே எழுந்து நிற்கும் பொம்மை ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இவ்விருவரிடமும் வந்தவர்கள் பள்ளியிலேயே டேக்கிள் கற்று முடித்த இளைஞர்கள். ஒன்றும் அறியாத பதினோரு வயதுப் பையனுக்கு எவ்வளவு மோதல், எப்போது என்ற கேள்விக்கு அந்த 489 பதிலாகாது. மெதுவான வேகத்தில், சரியான தோளில், நிறைய முறை. என் அனுபவத்தில் அதுதான் பலித்தது.

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தாய்:

என் மகள் ஆடுவது ஃபிளாக் கால்பந்து. டேக்கிள் இல்லை; இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அங்கே நின்றுவிடும். 2023 முதல் எங்கள் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளிப் பெண்களுக்கு இது அதிகாரபூர்வ விளையாட்டு. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது. தொடக்கத்தில் இவள் ஒரு பட்டையைக்கூட உருவவில்லை. எதிரே வருபவளின் தோள் இடப்புறம் சாய்ந்தால் இவளும் இடப்புறம் பாய்வாள், அவள் வலப்புறமாகப் போய்விடுவாள். பயிற்றுநர் ஒரு மாலை முழுவதும் பந்தை எடுத்து வைத்துவிட்டு, எதிரே வருபவளின் இடுப்பை மட்டும் பார்க்கச் சொன்னார். தோளும் கண்ணும் பொய் சொல்லும், இடுப்பால் பொய் சொல்ல முடியாது என்பது அவர் கூற்று. மூன்று கஜ தூரம் வந்ததும் அடிகளைக் குட்டையாக்கிக் கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது பாடம். மேலே டாலஸ் சகோதரர் எழுதிய ஆறு அங்குலத்தைப் படித்தபோது, இவர்கள் எல்லோரும் ஒரே பள்ளியில் படித்தவர்களா என்று தோன்றியது.

சின்சினாட்டியிலிருந்து, குவார்ட்டர்பேக் ஒருவனின் தந்தை:

கால் விஷயம் வீசுபவனுக்கும் பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். பெரிய தொகை கொடுத்து ஒரு தனிப் பயிற்றுநரிடம் மகனை அனுப்பினேன். அவர் ஒரே கோடையில் நாற்பது ஆட்டத்திட்டங்களை மனப்பாடம் செய்யவைத்தார். பையன் மைதானத்தில் தேர்வு எழுதுபவனைப் போல விழித்தான். பிறகு பள்ளியின் உதவிப் பயிற்றுநர் அவனை முதலிலிருந்து பழக்கினார். பந்தை வாங்கியதும் ஐந்து காலடி பின்வாங்க வேண்டும். ஐந்தாவது அடியில் பின்னங்கால் ஊன்றியதும் முதல் ரிசீவருக்கு, அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவனுக்கு, பந்து போக வேண்டும். அவன் அடைபட்டிருந்தால் முன்னால் ஒரு சிற்றடி வைத்து, இரண்டாமவனுக்கு. கண் தேடும் வரிசையைக் கால் நினைவில் வைத்துக்கொள்கிறது. அவர் சில சமயம் முதுகைத் திருப்பிக்கொண்டு, ஊன்றும் காலின் ஓசையை மட்டும் கேட்டு, "தாமதம்" என்பார். வேலியோரம் நின்று "வீசு, வீசு" என்று கத்திக்கொண்டிருந்த நான் அன்றோடு வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறைக்கும் எங்கள் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1970-இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்றுநராக இருந்த பில் வால்ஷுக்குக் கிடைத்த குவார்ட்டர்பேக் வெர்ஜில் கார்ட்டர். தொலைவாக வீசும் கைவலிமை அவருக்கு இல்லை. ஆனால் குறி தப்பாது, மூளை விரைவாக வேலை செய்யும். ஆகவே வால்ஷ் மைதானத்தின் நீளத்தை விட்டுவிட்டு, 53 கஜ அகலத்தைப் பயன்படுத்திக் குறுகிய தூரத்துக்கு வீசும் ஆட்டத்தை, வீசுபவனின் அடிக்கணக்கோடு பிணைத்து அமைத்தார். அதையே பின்னர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுசென்று என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை மூன்று முறை வென்றார். இருப்பவனுக்கு ஏற்ற ஆட்டம் என்பதுதான் அதன் தொடக்கம். ஒரு போட்டியின் முதல் 25 ஆட்டத்திட்டங்களை அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார் என்ற செய்தியை மட்டும் பிடித்துக்கொண்டு, சிறுவர்கள் கையில் நீண்ட பட்டியலைத் திணிக்கிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை.

டாலஸ் புறநகரிலிருந்து, மீண்டும்:

எழுதிய அனைவருக்கும் நன்றி. இடையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வாரம் மகனின் அணி ஒரு டச்டவுன் எடுத்தது, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்தது. நாங்கள் தொண்டை கட்டும்வரை கத்தினோம். திங்கட்கிழமை வகுப்பறையில் அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பந்தோடு ஓடியவன் எல்லைக் கோட்டைத் தாண்டும்வரை கணித ஆசிரியர் ஓடவிடவே இல்லையாம். பந்து கைமாறியதுமே படத்தை நிறுத்தி, இடப்பக்க ஓரத்தில் நின்ற என் மகனின் வலப் பாதத்தைச் சுட்டிக்காட்டி, "ஒன்பது அங்குலம்" என்றாராம். அன்று இரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது சமையலறையில் விளக்கு எரிந்தது. எங்கள் தரையில் பதித்த ஓடுகள் ஒவ்வொன்றும் பன்னிரண்டு அங்குலம். ஓர் ஓட்டின் நடுவில் நீல டேப்பைக் குறுக்காக ஒட்டிவிட்டு, காலுறையோடு குனிந்து ஒரு கையைத் தரையில் வைத்து நின்றிருந்தான். விரல் முட்டிகள் வெளுக்கவில்லை என்பதை நான் முதலில் பார்த்தேன். அடி வைத்தான். டேப்புக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே கால் நின்றது.