‘சாம்ப்ளர்’: மாதிரியா, பழகுதுணியா, சுவடியா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு சொல் வேண்டும். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிறது.

எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை டெலவேரில் இருக்கும் வின்டர்தர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். அமெரிக்கப் பழைய வீட்டுச் சாமான்கள், பூவேலைத் துணிகள், அச்சடித்த பருத்தித் துணிகள் எல்லாம் அங்கே உண்டு. போய்வந்த பிறகு படிக்கத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே ‘சாம்ப்ளர்’ வந்து வழிமறிக்கிறது.

பார்க்காதவர்களுக்காக: 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் அங்கே பெண்பிள்ளைகள் எட்டு, பத்து வயதில் லினன் துணியில் பட்டு நூலால் அகரவரிசையும் எண்களும் தைத்துப் பழகினார்கள். கீழே ஒரு வேதவசனமோ நாலு வரிப் பாட்டோ இருக்கும். ஒரு வீடு, இரண்டு மரம், ஒரு நாய். கடைசியில் தன் பெயர், வயது, ஆண்டு. இதைத்தான் சாம்ப்ளர் என்கிறார்கள். எடுத்துக்காட்டு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர்.

அதனால் ‘மாதிரித்துணி’ என்று எழுதினேன். என் கணவர் படித்துவிட்டு, “ரவிக்கைக்கு நிறம் பார்க்கக் கடைக்கு எடுத்துப் போகிற வெட்டுத்துண்டா?” என்று கேட்டார். அடித்துவிட்டேன். உதவுங்கள்.

பென்சில்வேனியாவிலிருந்து

----

அன்புள்ள தங்கைக்கு,

நான் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி. மாதிரித்துணி என்றால் எங்கள் ஊரிலும் அதே அர்த்தம்தான்.

எங்கள் வகுப்பில் ரெக்கார்டு நோட்டு உண்டு. ஒரு பக்கம் தையலின் பெயர், எதிர்ப்பக்கம் உள்ளங்கை அகலக் காடாத் துணியில் பிள்ளை போட்ட தையல். சங்கிலித் தையல், காம்புத் தையல், கம்பளித் தையல், காஜா என்று வரிசையாக வரும். மேல்பக்கம் அழகாக இருந்தால் மார்க் போடமாட்டேன். திருப்பிப் பார்ப்பேன். நூலை இங்கிருந்து அங்கே இழுத்துத் தாண்டியிருந்தால் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். நோட்டில் ஒட்டுவதற்கு முன்னால் கையில் கொடுக்கிற துணியைப் ‘பழகுற துணி’ என்போம். ஆகவே பழகுதுணி. ஒரு குழந்தைக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து

----

சாம்ப்ளர் என்றே போட்டுவிடுங்கள். ரவிக்கையையே பாதிப்பேர் ஜாக்கெட் என்றுதான் சொல்கிறோம்.

----

அம்மையீர்,

மேலே எழுதிய நண்பருக்கு என்ன அவசரமோ தெரியவில்லை.

பழகுதுணி எளிய சொல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழகியபின் தூக்கிப் போடுவது பழகுதுணி. இவர்கள் சொல்லும் பொருள் தூக்கிப் போட்டதல்லவே, 200 ஆண்டுக்கு மேல் காத்து வைத்தது. அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில் நெடுங்கணக்கு, அடுத்து எண், அதன்கீழ் நீதிவாக்கு. திண்ணைப் பள்ளியில் நம் பிள்ளைகள் கையில் இருந்ததும் இதே வரிசைதான்: அரிச்சுவடி, எண்சுவடி, பிறகு நீதிநூல். ஓலையும் எழுத்தாணியும் இருந்த இடத்தில் அங்கே துணியும் ஊசியும். எனவே ‘தையற்சுவடி’ என்பது என் முன்மொழிவு.

தையல் என்பதற்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. பெண்ணின் சுவடி என்றும் பொருள் விரியும். வலிந்து சொன்னதல்ல, தானாக அமைந்தது.

----

ஐயா, தையற்சுவடி படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆனாலும் இரண்டு சந்தேகம்.

> தூக்கிப் போடுவது பழகுதுணி

மிகப் பழையவற்றுக்கு நீங்கள் சொல்வது கச்சிதமாகப் பொருந்துகிறது. மாசசூசெட்ஸின் பிளிமத் ஊரில் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகத்தில் லோரா ஸ்டாண்டிஷ் தைத்தது இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அமெரிக்க மண்ணில் தைக்கப்பட்டவற்றில் இன்று தெரிந்தவரை அதுவே மூத்தது என்கிறார்கள். பிளிமத் குடியேற்றத்தின் படைத்தலைவர் மைல்ஸ் ஸ்டாண்டிஷின் மகள். துணி ஒடுக்கமாக, நீளமாக இருக்கிறது. பட்டை பட்டையாகப் பூங்கொடிகள், அடியில் “லோரா ஸ்டாண்டிஷ் என் பெயர்” என்று தொடங்கும் வேண்டுதல். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட துணியைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருந்து, கொடியோ கரையோ போட வேண்டியபோது விரித்துப் பார்த்துக்கொள்வார்கள். எடுத்துப் புரட்டுவதால் அது சுவடியேதான்.

அடுத்த நூற்றாண்டில் கதை மாறுகிறது. துணி அகலமாகிச் சதுரத்துக்கு அருகில் வருகிறது. பெண்கள் நடத்திய பள்ளிகளில் ஆசிரியையே படத்தை வரைந்து கொடுக்கிறார். ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் மேரி பால்ச் பள்ளிப் பிள்ளைகள் ஊரின் கல்லூரிக் கட்டடத்தையும் அரசு மாளிகையையும் ஜன்னல் ஜன்னலாகத் தைத்திருக்கிறார்கள். முடிந்ததும் அப்பா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுவார். வந்துபோகிறவர்களுக்கு, ‘எங்கள் பெண்ணைப் படிக்கவைத்திருக்கிறோம்’ என்று அறிவிக்கிற சான்றிதழ். சுவரில் மாட்டியதைச் சுவடி என்று சொல்லலாமா?

இரண்டாவது, பழகுதலும் அதில் இருக்கிறதே. போன மாதம் முன்னோட்டமாகப் போய் ஒன்றை அருகில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் மங்கல் வெளிச்சம், 50 லக்ஸ்தான் விடுகிறார்கள், சாயம் வெளுக்கும் என்று. கண் பழகச் சிறிது நேரமானது. ஒரு வரியில் இடம் போதாமல் கடைசி எழுத்தைத் தூக்கி மேலே செருகியிருந்தாள். அகரவரிசையில் ‘ஜே’ இல்லை, ‘யூ’வும் இல்லை. பிள்ளை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அப்படியில்லை. பழைய வழக்கத்தில் ஐ-யும் ஜே-யும் ஒரே எழுத்து, யூ-வும் வீ-யும் ஒரே எழுத்து. அச்சில் பிரிந்த பிறகும் தையலில் வெகுநாள் 24 எழுத்தாகவே ஓடியிருக்கிறது.

இன்னொன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிலவற்றில் ஆண்டு இருந்த இடத்தில் நூல் இல்லை, ஊசித் துளைகள் மட்டும் இருக்கும். வளர்ந்த பிறகு, வயது தெரிந்துவிடும் என்று அவளே பிரித்தெடுத்திருக்கிறாள்!

----

தங்கைக்கு,

பிரித்தெடுத்த கதை நன்றாக இருந்தது. என் ரெக்கார்டு நோட்டில் முதல் பக்கம் கிழித்திருப்பதும் அதே காரணம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். பூவேலை கற்கிற பிள்ளைக்கு எழுத்து எதற்கு, எண் எதற்கு? படிப்பதற்கா, தைப்பதற்கா?

----

டீச்சர், இரண்டுக்கும்தான். ஆனால் அடிப்படைக் காரணம் சலவை. வசதியான வீட்டில் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாலை என்று லினன் துணி டஜன் கணக்கில் இருக்கும். பெரிய சலவை எப்போதாவதுதான். ஒவ்வொரு துணியின் மூலையிலும் குறுக்குத் தையலில் வீட்டு முதலெழுத்தும் அதன்கீழ் எண்ணும் போடுவார்கள். எது யாருடையது என்று தெரியும். எண்ணைப் பார்த்து மாற்றி மாற்றி எடுப்பதால் எல்லாத் துணியும் ஒரே சீராகத் தேயும். வீட்டை நடத்தப்போகிற பெண்ணுக்கு இந்த எழுத்தும் எண்ணும் கைவந்தாக வேண்டும்.

----

அட, வண்ணார் குறி! சேங்கொட்டை மையால் துணி மூலையில் போடுவார்களே, அது. எழுத்தும் எண்ணும் மட்டும் உள்ள எளிய வகையைக் ‘குறித்துணி’ என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். பாட்டும் வீடும் மரமும் உள்ளதற்கு ஐயாவின் சொல் இருக்கட்டும். நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

----

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். வழக்கமாக வாசிப்பதோடு சரி. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையை 1824இல் தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ. கனெக்டிகட் மாநிலத்து நோர்விச் ஊர்க்காரி, 1796இல் பிறந்தவர். நீங்கள் சொல்கிற தையல் துணிகளில் நோர்விச் வேலை என்று ஊர்ப்பெயராலேயே பிரித்து வைக்கிற ஒரு வகை உண்டு. 18ஆம் நூற்றாண்டுப் பிள்ளைகள் பின்னணி முழுவதையும் கறுப்பு நூலால் நிரப்பித் தைத்தவை. அந்த ஊரில் வளர்ந்தவர் இங்கே வந்து தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தோடு தையலும் படிப்பித்தார். அவருடைய கணவர் மிரோன் வின்ஸ்லோதான் 1862இல் சென்னையில் அச்சான தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். இந்தக் குழுவில் சொல் தேடி நாம் அடிக்கடி புரட்டுகிற அதே வின்ஸ்லோ.

எழுத்தும் தையலும் ஒன்றாக வந்த இடம் என்பதால் எனக்கும் சுவடி பிடிக்கிறது.

அச்சடித்த துணிக்கு என்ன போடுகிறீர்கள்? நாங்கள் சீத்தை என்போம்.

----

நோர்விச் செய்திக்கு மிக்க நன்றி அண்ணா. கையேட்டில் ஒரு பக்கம் கூட்டிவிட்டேன்.

அச்சுத் துணிக்கு ‘பூவச்சுத்துணி’ என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டுச் சீட்டி என்று மாற்றுகிறேன், அடைப்புக்குள் சீத்தை. ஆங்கிலத்தில் சின்ட்ஸ் என்பதும் இதே சொல்தானே. சோழமண்டலக் கரையில் சாயவேரும் படிகாரமும் கொண்டு எழுதிய துணிதான் கப்பலேறி லண்டன் வழியாக பாஸ்டன், பிலடெல்பியா வரை போனது. 1721இல் பிரிட்டனில் அச்சடித்த பருத்தித் துணியை உடுத்தத் தடை போட்டார்கள், குடியேற்றங்களுக்கு அனுப்பத் தடையில்லை.

பிலடெல்பியாவிலேயே அச்சடிக்க வந்தவர் ஜான் ஹியூசன். அவர் அச்சுக்கட்டையால் அடித்த பூஜாடியும் சுற்றிப் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் சில மெத்தைவிரிப்புகளின் நடுவில் இருக்கின்றன. 1788 ஜூலை 4 ஊர்வலத்தில் அவருடைய மனைவியும் நாலு மகள்களும் வண்டி மேல் உட்கார்ந்து, அச்சடித்த சீட்டியில் தூரிகையால் நிறம் தீட்டிக்கொண்டே போனார்களாம், தாங்களே அச்சடித்த துணியை உடுத்திக்கொண்டு. அச்சு ஆண் கையில், தூரிகை பெண்கள் கையில்.

பழஞ்சீட்டியில் கறுப்புக் கோடு மட்டும் அரித்துப் போயிருப்பதைப் பார்த்தேன். இரும்பு சேர்ந்த கறுப்புச் சாயம் நூலையே தின்றுவிடும். பழைய தையலிலும் அப்படித்தான், கறுப்பு நூல் உதிர்ந்து துளைதான் மிச்சம். ஆண்டைப் பிரித்தெடுத்தவளையும் இரும்பு தின்றதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஒரு குறிப்புப் போட வேண்டும்.

----

சீட்டி மலிவுத் துணியின் பெயராயிற்றே, அருங்காட்சியகத்துக்குப் பொருந்துமா என்று யாராவது கேட்பார்கள். கேட்டால், ஆங்கிலத்திலும் அதே கதிதான் அந்தச் சொல்லுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

சுவரில் மாட்டினால் சுவடியா என்ற கேள்விக்கு: பெயர் பொருள் பிறந்த இடத்தில் வைப்பது, மாட்டிய இடத்தில் அல்ல. தையற்சுவடி நிற்கும்.

----

ஐயா, சொல் நிற்கும், பிள்ளைகள் வாயில்தான் நிற்கவில்லை. நேற்று வகுப்பில் எழுதிப் போட்டேன். ஏழு பேரில் ஐந்து பேர் ‘தையர்சுவடி’ என்று படித்தார்கள். ஒரு பெண், “யார் அந்தத் தையர்?” என்று கேட்டாள். ‘தையல்சுவடி’ என்று எழுதினால் மன்னிப்பீர்களா?

----

மன்னிக்க முடியாது. லகரத்தின் முன் சகரம் வந்தால் றகரமாகும். கல், சிலை, கற்சிலை. தையற்கலை என்று ஊர் ஊராகப் பலகை எழுதி வைத்திருக்கிறார்களே, அதை யாரும் தப்பாகப் படிக்கவில்லையே.

----

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் தையல்நாயகி. இலக்கணப்படி தையனாயகி என்றல்லவா வர வேண்டும்? அம்மனுக்கே சந்தி பார்க்காத ஊரில் பென்சில்வேனியாக் குழந்தைகளுக்கு எதற்கு?

மதுரையிலிருந்து

----

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘தையல் சுவடி’, நடுவில் இடம் விட்டு. குறித்துணி இரண்டாம் பக்கத்தில்.

----

இடம் விட்டால் புணர்ச்சி இல்லை. தப்பித்தீர்கள்.