இறங்கிய கார் தளத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் உண்டா?
வணக்கம். சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் எங்கள் தரைவீட்டில், கார் நிறுத்தும் கான்கிரீட் தளம் ஒரு ஓரமாக இறங்கிவிட்டது. வாசற்படிக்கும் தளத்துக்கும் நடுவே என் கட்டைவிரல் தாராளமாக நுழைகிறது. மழை பெய்தால் தண்ணீர் வாசலிலேயே தேங்குகிறது. (கடற்களிமண் பூமி, மெல்ல அமுங்கத்தான் செய்யும்.) பார்க்க வந்த கட்டுமானக் குத்தகையாளர் உடைத்துப் புதிதாக ஊற்றச் சொல்கிறார். ஒரு விரிசல்கூட இல்லை, எதற்கு உடைக்க? சிறு துளைகள் போட்டு, அடியில் சிமெண்ட் குழம்பையோ பாலியூரித்தேன் என்னும், ஊதி இறுகும் பிளாஸ்டிக் நுரையையோ செலுத்தித் தூக்கலாமே. நுரை எடை குறைவு, இளகிய மண்ணுக்கு அதுவே தேவலை என்பது என் எண்ணம்.

இங்கே யாராவது செய்தீர்களா? எத்தனை வெள்ளி ஆனது, மறுபடி இறங்கியதா? அப்புறம், அடியில் போகும் கழிவுநீர்க் குழாயின் வெடிப்பு வழியே நுரை உள்ளே புகுந்துவிடாதா? அம்மாவுக்கு அந்தப் பயம்தான்.