உயில்ல பசங்களுக்கு யாரை கார்டியனா போடறது? அண்ணனா, கொழுந்தியாவா?

ரெண்டு வாண்டு அப்பா:
வணக்கம் மக்களே. எனக்கு 38, வீட்டுக்காரிக்கு 35, பசங்களுக்கு 8, 3. சொத்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல, லோன் ஓடிட்டிருக்கற ஒரு வீடு, ரெண்டு பேர் பேர்லயும் டெர்ம் இன்ஷூரன்ஸ், ஆஃபீஸ்ல பிடிக்கற பணம், அவ்ளோதான். போன மாசம் கூட வேலை பாத்த ஒருத்தர் திடீர்னு போயிட்டாரு, அதுலேர்ந்து ராத்திரி சரியா தூக்கம் இல்ல. உயில் எழுதலாம்னு உக்காந்தா ரெண்டு இடத்துல முட்டிக்கிட்டு நிக்குது. நீ போனா எப்படியும் எல்லாம் எனக்குத்தானே, எதுக்கு உயிலுன்னு அவ கேக்கறா. ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டா பசங்க யார்கிட்டன்னு நான் கேக்கறேன். அவ தங்கச்சி பசங்க மேல உசிரையே வெச்சிருக்கா, ஆனா கையில காசு நிக்காது, மாசக் கடைசில எங்ககிட்டயே கைமாத்து. என் அண்ணன் கணக்குல புலி, ஆனா அவர் வீட்டுல பசங்க சத்தமா தும்மக்கூட முடியாது. மூணு வாரமா இதே சண்டை. என்ன பண்ணலாம்?

பழைய குமாஸ்தா:
வக்கீல் ஆஃபீஸ்ல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், அந்த அனுபவத்துல சொல்றேன். முதல்ல உங்க வீட்டம்மா கேள்வி. "எல்லாம் எனக்குத்தானே"ங்கறது பல நாட்டுல உண்மையே கிடையாது. நீங்க எந்த நாடுன்னு சொல்லல, அதனால பொதுவா சொல்றேன். இந்தியால ஒரு இந்து ஆம்பள உயில் எழுதாம போனா 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அவரா சம்பாதிச்சது மனைவி, பிள்ளைங்க, அப்புறம் அவரோட அம்மா, எல்லாருக்கும் சம பங்கு. உங்க அம்மா இருக்காங்கன்னா உங்க கணக்குல வீட்டம்மாவுக்கு கால் பங்குதான். சிங்கப்பூர்ல முஸ்லிம் அல்லாதவங்களுக்கு மனைவிக்கு பாதி, பிள்ளைங்களுக்கு பாதி. பிரான்ஸ் மாதிரி இடத்துல உயில் எழுதினாக்கூட பிள்ளைங்க பங்குல கை வெக்க முடியாது, ரெண்டு பிள்ளைன்னா மூணுல ரெண்டு பாகம் அவங்களுக்குன்னு சட்டமே ஒதுக்கிடுது.

சரி பிள்ளைங்களுக்குத்தானே போகுதுன்னு விடவும் முடியாது. 3 வயசு குழந்தை கையெழுத்து போடுமா? நாளைக்கு வீட்டை வித்து சின்ன வீட்டுக்கு போகணும்னா மைனர் பங்குக்கு கோர்ட்ல அனுமதி வாங்கணும்னு பல நாட்டுல இருக்கு, பெத்த தாயா இருந்தாலும் சரி. உயில் எழுதறது இந்த அலைச்சலுக்காகத்தான், நீங்க பணக்காரரா இல்லையாங்கறது பேச்சே இல்ல.

ரெண்டாவது கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிட்டீங்க சார். வளக்கறதுக்கு கொழுந்தியா, காசுக்கு அண்ணன். கார்டியன் வேற, பணத்தை பாத்துக்கற டிரஸ்டி வேற, ரெண்டும் ஒரே ஆளா இருக்கணும்னு யார் சொன்னா? ஒவ்வொருத்தருக்கும் பதில் ஆளா இன்னொரு பேரும் போடுங்க. ஒரு விஷயம், உங்கள்ல ஒருத்தர் இருக்கற வரைக்கும் பசங்க அவங்ககிட்டதான், கார்டியன் பேச்சு வர்றது ரெண்டு பேரும் இல்லாதப்ப. அப்பவும் குழந்தைக்கு எது நல்லதுன்னு கோர்ட் பாக்கும், ஆனா நீங்க எழுதி வெச்சதுக்கு நல்ல வெயிட் இருக்கும்.

பன்னெண்டு வயசுல:
மேல சொன்னது சரி, ஆனா அனுபவிச்சவளா ஒண்ணு சொல்லணும். அப்பா போனப்ப எனக்கு 12, அண்ணனுக்கு 15. உயில் இல்ல. எங்க பங்கு மைனர் பேர்ல டெபாசிட்ல போய் உக்காந்துக்கிச்சு, அம்மா ஃபீஸ் கட்டணும்னா கூட மனு போட்டு, பில்லு காட்டி, தேதி வாங்கி, அதுக்குள்ள டெர்மே முடிஞ்சிடும். மீதி பணம் சித்தப்பா கையில இருந்துச்சு. அவர் ஒரு பைசா திருடல, சத்தியமா நல்ல மனுஷன், ஆனா அம்மா ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டு வாசல்ல போய் நிக்கறதை பாத்துத்தான் நான் வளந்தேன், ஷூ வாங்கணும்னு சொல்லவே கூசும். அதனால டிரஸ்டி அண்ணன்னு போட்டா மாசம் இவ்வளவு கார்டியன் அக்கவுண்டுக்கு தானா போயிடணும், ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிக்கு கேள்வியே கேக்கக்கூடாதுன்னு உயில்லயே எழுதிடுங்க. இல்லன்னா உங்க கொழுந்தியா தும்மறதுக்கும் உங்க அண்ணன்கிட்ட பர்மிஷன் வாங்கணும்.

இன்னொண்ணு, 18 வயசு. என் அண்ணனுக்கு 18 ஆன அன்னிக்கு முழுப் பணமும் கைக்கு வந்துச்சு. கார், ஃப்ரெண்டோட பிசினஸ், ஒண்ணரை வருஷம் கூட தாங்கல. அவனை குத்தம் சொல்ல மாட்டேன், அந்த வயசுல என்கிட்ட முதல்ல குடுத்திருந்தா நானும் அதைத்தான் பண்ணிருப்பேன். டிரஸ்ட்னு எழுதினா படிப்புக்கு எப்ப வேணா எடுக்கலாம், மிச்சத்துல 21ல கொஞ்சம், 25ல கொஞ்சம், 30ல பாக்கின்னு பிரிச்சு குடுக்க வெக்கலாம்.

ஃபார்ம் பைத்தியம்:
எல்லாரும் உயில் உயில்னு பேசறீங்க, அவர் சொன்ன லிஸ்ட்டை பாருங்க, இன்ஷூரன்ஸும் ஆஃபீஸ் பணமும்தான் பாதி. அது பல நாட்டுல உயில் பேச்சை கேக்காது, ஃபார்ம்ல யார் பேர் இருக்கோ அவங்களுக்குத்தான். அமெரிக்கால எகல்ஹாஃப்னு ஒரு கேஸ், 2001ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. மனுஷன் 1994ல டைவர்ஸ் ஆகி ரெண்டே மாசத்துல ஆக்சிடென்ட்ல போயிட்டாரு, கம்பெனி இன்ஷூரன்ஸ், பென்ஷன் ஃபார்ம்ல பழைய மனைவி பேரை மாத்தவே இல்ல. முதல் கல்யாணத்து பிள்ளைங்க கேஸ் போட்டாங்க, கடைசில ஃபார்ம்ல இருக்கற பேர்தான் செல்லும்னு ஆயிடுச்சு. சிங்கப்பூர்ல சிபிஎஃப்னு சம்பளத்துல பிடிச்சு சேக்கற சேமிப்பு பணமும் உயிலுக்குள்ள வராது, கல்யாணம் ஆனாலே பழைய நாமினேஷன் காலி. வேலைக்கு சேந்தப்ப அம்மா பேரை எழுதிட்டு அப்படியே விட்டவங்க எத்தனை பேர் இருக்கீங்க, கை தூக்குங்க பாப்போம்.

இந்தியால கதை உல்டா, நாமினின்னா பணத்தை வாங்கிக் குடுக்கற கை மட்டும்தான், சொந்தக்காரர் வேறன்னு இன்ஷூரன்ஸ் விஷயத்துல 1983லயே சொல்லிட்டாங்க. 2015 இன்ஷூரன்ஸ் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் மனைவி, பிள்ளை, அப்பா அம்மாவை நாமினியா போட்டா இன்ஷூரன்ஸ் பணம் அவங்களுக்கேன்னு சட்டத்துல எழுதியிருக்கு. பிள்ளையை போட்டா அது மைனரா இருக்கறப்ப பணத்தை வாங்க ஒரு அப்பாயிண்டீ பேரும் போடணும், அந்த கட்டத்தை காலியா விட்டுடாதீங்க.

ரெண்டு வாண்டு அப்பா:
எல்லாருக்கும் நன்றி. ஃபார்ம் பைத்தியம் ப்ரோ, கை தூக்கிட்டேன், எங்க அம்மா பேர்தான் இருக்கு, 14 வருஷமா. நேத்து ரெண்டு பேரும் போய் கொழுந்தியாகிட்ட நேராவே கேட்டுட்டோம். காசு எனக்கு வேணவே வேணாம் மாமா, ஆனா உங்க அண்ணன்கிட்ட போய் என்னால கணக்கு சொல்ல முடியாது, மாசா மாசம் அக்கவுண்ட்ல வரணும்னு அவளே சொல்றா. அக்கா நீங்க எழுதினதை அப்படியே படிச்ச மாதிரி இருந்துச்சு. அண்ணனும் சரின்னுட்டாரு, சந்தோஷப்பட்ட மாதிரியே இருந்துச்சு, பசங்களை வளக்க வேண்டாம்னு. வீட்டம்மா கால் பங்குன்னு கேட்டதும் அவளே பேனா எடுத்துட்டு வந்துட்டா. ஒரே டவுட், கொழுந்தியாவுக்கு நகை கொஞ்சம் எழுதறோம், சாட்சிக்கு அவ வீட்டுக்காரரை போடலாமா?

பழைய குமாஸ்தா:
வேணாம் சார். இங்கிலாந்துல 1837 சட்டத்துலேர்ந்தே சாட்சிக்கோ சாட்சியோட மனைவிக்கோ எழுதினது செல்லாது, உயில் நிக்கும், நகை மட்டும் போயிடும். எல்லா நாட்டுலயும் அப்படி இல்ல, இருந்தாலும் வம்பு எதுக்கு. உயில்ல எதுவுமே கிடைக்காத ரெண்டு பேரா பாத்து, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பக்கத்துல நிக்கறப்ப கையெழுத்து போடுங்க. உங்களை விட வயசு கம்மியா இருந்தா இன்னும் நல்லது.