தோட்டத் திருவிழாவுக்கு முன் லென்ஸ் பாதுகாப்பு ஃபில்டர்: எதை வாங்குவது?

செம்மண்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஒருவர் பயன்படுத்திய நிக்கோன் கேமராவை 18-55 மி.மீ., 70-300 மி.மீ. குவியத் தூரமுள்ள இரண்டு ஏஎஃப்-பி (நிக்கோனின் ஒரு லென்ஸ் வகை) லென்ஸ்களோடு அண்மையில் வாங்கினேன். எங்கள் மாரியம்மன் கோவில் திருவிழாவை இம்முறை நான் படம் எடுக்க வேண்டும் என்று நிர்வாகத்தினர் கேட்டுக்கொண்டுள்ளனர்.

சென்ற ஆண்டு நண்பரின் கேமராவை வாங்கிச் சென்று தேருக்கு முன் தேங்காய் உடைக்கும் இடத்தில் நின்றபோது, தேங்காய்த் தண்ணீரும் திருநீறும் லென்ஸில் படிந்தன. அவசரத்தில் தோள் துண்டால் துடைத்துக் கீறல் விழச் செய்துவிட்டேன். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதனாலேயே அது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இரண்டு லென்ஸுக்கும் சேர்த்து 100 ரிங்கிட்டுக்கு மேல் என்னால் செலவிட இயலாது. 18-55 லென்ஸுக்கு 55 மி.மீ., 70-300 லென்ஸுக்கு 58 மி.மீ. விட்டமுள்ள ஃபில்டர் (லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் கண்ணாடி) தேவை. 58 மி.மீ. யூவி (புற ஊதாக் கதிரைத் தடுக்கும்) ஃபில்டர் ஒன்றையும் அளவு மாற்றும் வளையம் ஒன்றையும் வாங்கி, இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் பொருத்தலாமா?

பால்மரத்தடி எழுதியது:

தம்பி, வளையம் வேண்டாம். கூட்டத்தின் நடுவில் ஃபில்டரைக் கழற்றி மாட்டும் அந்த நிமிடத்தில்தான் தூசி உள்ளே புகும். வளையம் இருந்தால் 18-55 லென்ஸின் ஹூட்டும் (முகப்பைச் சுற்றி மாட்டும் மறைப்பு) சரியாகப் பொருந்தாமல் போகலாம்.

யூவி என்ற பெயருக்காகவும் காசு கொடுக்காதீர்கள். ஃபிலிம் புற ஊதாக் கதிரையும் பதிவு செய்ததால் தொலைவு மலைகள் நீலப் புகை படிந்தாற்போல் விழுந்தன. அக்காலத்தில் அந்த ஃபில்டருக்கு வேலை இருந்தது. டிஜிட்டல் கேமராவில் படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடியே அக்கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. ஆகவே யூவி என்றாலும் புரொடெக்டர் என்றாலும் உங்களுக்கு அது தெளிந்த கண்ணாடிதான். விலையை நியாயப்படுத்துவது அதன் மேல் உள்ள பூச்சு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு முகத்திலும் ஏறக்குறைய 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நல்ல பல்லடுக்குப் பூச்சு அதை அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். கடையில் குழல்விளக்கின் பிம்பத்தை ஃபில்டரில் பாருங்கள். பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் வாங்கலாம். ஹோயா எச்எம்சி, மாருமி டிஎச்ஜி போன்ற பூச்சுள்ள ஃபில்டர்களிலிருந்து தேடத் தொடங்குங்கள்; போலிகளும் உலவுவதால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதே நல்லது.

தீமிதிநிழல் எழுதியது:

மேலே ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன்; ஆனால் 70-300 லென்ஸுக்கு ஃபில்டரே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த லென்ஸோடு நீங்கள் தள்ளித்தான் நிற்பீர்கள். தேங்காய்த் தண்ணீர் அங்கு வராது. அதே வேளையில், தரங்குறைந்த கண்ணாடி படத்தின் கூர்மையை மிகுதியாகக் கெடுப்பதும் 300 மி.மீ. குவியத் தூரத்தில் எடுக்கும்போதுதான். முழுத்தொகையையும் 55 மி.மீ. ஃபில்டர் ஒன்றுக்கே ஒதுக்கி, மீந்ததில் பெரிய லென்ஸுக்கு ஒரு ஹூட் வாங்குங்கள். இடிபடும்போது முதலில் அடியைத் தாங்குவது ஹூட்தான். மெல்லிய ஃபில்டர் உடைந்தால் அதன் சில்லே லென்ஸைக் கீறிவிடக்கூடும்.

இருட்டிய பிறகு பூக்குழியை எடுக்கும்போது 18-55 லென்ஸிலிருந்தும் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். தணலின் வெளிச்சமும் தீப்பந்தத்தின் சுடரும் சென்சாரில் பட்டு, ஃபில்டரின் தட்டையான பின்முகத்தில் எதிரொளித்துத் திரும்பி, படத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தலைகீழான மங்கிய சுடராக விழும். கரகம் சுமந்து இறங்கும் ஒருவரின் முகத்தின் மேல் அப்படி ஒரு பொய்ச் சுடர் விழுந்திருந்ததை நான் வீட்டுக்கு வந்த பிறகே கண்டேன். அந்த நொடியை அவரிடம் மீண்டும் கேட்டுப் பெற முடியாது.

ஈரக்காற்று எழுதியது:

இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். ஃபில்டரை விரல் நுனியால் மெதுவாகத் திருகினாலே போதும். இறுகிவிட்டால் அழுத்திப் பிடிக்காதீர்கள், வளையம் நெளிந்து மேலும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி, சீராகப் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும். மழையில் நனைந்த நாளில் ஃபில்டரைக் கழற்றி, அதையும் லென்ஸையும் உலரவிடுங்கள், இடையில் ஈரம் தங்கக்கூடாது. நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் படரும் பூஞ்சையை ஃபில்டர் தடுக்காது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்திருங்கள்.

செம்மண்சாலை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கேமராப் பையில் கிடந்த பழைய 55 மி.மீ. ஃபில்டரைக் குழல்விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். விளக்கு அப்படியே வெள்ளையாகத் தெரிந்தது. சனிக்கிழமை ஈப்போவுக்குச் சென்று பூச்சுள்ள ஒன்றையும் ஒரு ஹூட்டையும் பார்க்கிறேன். திருநீறு படிந்தால், துடைப்பதற்கு முன் ஊதுகுமிழால் ஊதிவிட்டால் போதுமா?

பால்மரத்தடி எழுதியது:

உலர்ந்த திருநீற்றுக்குப் போதும், தம்பி. தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை உண்டு, காய்ந்தால் பிசுபிசுக்கும். முதலில் ஊதித் துகளை அகற்றிவிட்டு, லென்ஸ் துடைக்கும் மென்துணியைச் சற்றே ஈரமாக்கி, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடையுங்கள். துண்டை மட்டும் தோளிலேயே விட்டுவிடுங்கள்.