பி.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு வானியலுக்குப் போகணும்: அலைடு, எலெக்டிவ் எதை எடுப்பது?

கார்த்திகைமீன்:
வணக்கம். பி.எஸ்சி. இயற்பியல் முதல் வருடம் முடியப் போகிறது. எம்.எஸ்சி.க்கு வானியல் அல்லது வானியற்பியல் பக்கம் போக ஆசை. முதல் அலைடு கணிதம் முடிந்தது. மூன்றாம் செமஸ்டரில் இரண்டாவது அலைடு வேதியியலா, கணினி அறிவியலா என்று எழுதிக் கொடுக்கணும். ஐந்தாம் செமஸ்டர் எலெக்டிவில் ‘வானியற்பியல்’, ‘எண்ணியல் முறைகள்’ இரண்டில் ஒன்றுதான் எடுக்க முடியும். எது சரி? கல்லூரிக்கு வெளியே என்ன படிக்கணும்?

சுருள்மண்டலம்:
முதலில் எலெக்டிவ். பெயரைப் பார்த்து வானியற்பியலை எடுத்துவிடாதீர்கள். இளங்கலை எலெக்டிவ் பெரும்பாலும் தொலைநோக்கி வகைகள், சூரியக் குடும்பம், விண்மீன் வகைப்பாடு என்று மேலோட்டமாகப் போகும். விடுமுறையில் நீங்களே படித்துவிடலாம். எண்ணியல் முறைகளை ஆய்வகத்தோடு நடத்தினால் அதை எடுங்கள். விண்மீன் உள்ளமைப்புச் சமன்பாடுகள் நான்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள். எளிய மாதிரிகளை விட்டால் அவற்றைக் கணினியில்தான் தீர்க்க முடியும்.

அதைவிட முக்கியம் கணிதம். அலைடு கணிதத்தில் அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு, லாப்லாஸ் வரை வந்திருக்கும். சிக்கலெண் பகுப்பாய்வு, பகுதி வகைக்கெழு, ஐகன் மதிப்புகளை ஆழமாகப் படிப்பது, நிகழ்தகவு இதெல்லாம் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். இவற்றை என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடங்கள்) மூலம் படிக்கலாம். கிரெடிட்டாக மாற்ற வேண்டுமானால் சேரும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். படித்து முடித்தபின் கேட்டால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

வரிசையும் பார்க்கணும். வெப்ப இயக்கவியல், புள்ளியியல் இயக்கவியல் தெரியாமல் சாஹா சமன்பாட்டை (விண்மீன் வாயுவில் எத்தனை அணுக்கள் அயனியாகியிருக்கும் என்பதைச் சொல்வது) தொட்டால் சூத்திரம் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். ரேடியோ வானியலுக்கு மின்காந்தவியலும் ஃபூரியர் மாற்றமும் வேண்டும். பொதுச் சார்பியலை அவசரப்பட்டு இரண்டாம் வருடத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

ஜாம்_2முறை:
ஐ.ஐ.டி. ஜாம் (எம்.எஸ்சி. சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு) இயற்பியல் தாள் பாடத்திட்டத்தில் வானியல் கிடையவே கிடையாது. கணித முறைகள், இயக்கவியல், அலையும் ஒளியியலும், மின்காந்தவியல், வெப்பவியல், நவீன இயற்பியல், திடநிலையும் மின்னணுவியலும்தான். ஐ.ஐ.டி. இந்தூரின் எம்.எஸ்சி. வானியலுக்கும் ஜாம்தான் வழி. உஸ்மானியாவிலும் எம்.எஸ்சி. வானியல் உண்டு, அதற்கு நுழைவுத்தேர்வு வேறு.

சிக்கல் எங்கே என்றால், ஜாம் பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர் வாக்கில். உங்கள் கல்லூரியில் திடநிலை இயற்பியல் ஆறாம் செமஸ்டரில் இருந்தால், வகுப்பில் நடத்தும் முன்பே தேர்வு முடிந்துவிடும். அந்தத் தாளை ஐந்தாம் செமஸ்டரிலேயே சொந்தமாக முடித்துக்கொள்ளுங்கள். 60 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். ஒரு விடை மட்டும் சரியாக உள்ள பகுதியில்தான் நெகட்டிவ் மார்க். எண் விடைப் பகுதியில் எதையும் காலியாக விடாதீர்கள்.

அலைடுக்கு என் ஓட்டு: பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கணினி அறிவியல் என்ற பெயரில் எம்.எஸ். ஆபீஸ் நடத்தினால் வேதியியலே மேல். பைதானோ சி-யோ ஆய்வகத்தோடு இருந்தால் கணினி.

ஹைட்ரஜன்_ஆல்ஃபா:
வேதியியலை அவ்வளவு எளிதில் தள்ள வேண்டாம். விண்மீன் இடைவெளி மேகங்களின் மூலக்கூறுகள் தனி ஆய்வுத்துறை. ஆனாலும் இரண்டு அலைடும் தரமாக இருந்தால் நானும் கணினிதான் சொல்வேன்.

ஆய்வகத்தையும் சும்மா கடத்தாதீர்கள். சோடியம் விளக்கு, கீற்றணி (கிரேட்டிங்) பரிசோதனையில் டி1, டி2 கோடுகள் 589.6, 589.0 நானோமீட்டர். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பிளவு அகலமாக இருக்கிறது என்று அர்த்தம். பிளவைக் குறுக்கி இரண்டாம் வரிசையில் பாருங்கள். பிழைக் கணக்கையும் ரெக்கார்டு நோட்டுக்காக அல்லாமல் நிஜமாகப் போடுங்கள். சூரிய நிறமாலையில் இருண்டு தெரிவதும் இதே இரட்டைக் கோடுதான்.

கார்த்திகைமீன்:
மூவருக்கும் நன்றி. பைதானில் எதிலிருந்து ஆரம்பிப்பது? லேப்டாப் 4 ஜிபி ரேம்தான்.

சுருள்மண்டலம்:
போதும். உங்கள் பெயரிலேயே பயிற்சி இருக்கிறது. விண்மீன்களின் இடத்தையும் தூரத்தையும் அளந்த ஐரோப்பிய விண்கலம் கையா. அதன் மூன்றாம் தரவு வெளியீட்டில் (2022) கார்த்திகை விண்மீன் கொத்தை எடுத்து, நிறத்துக்கு எதிரே ஒளியளவை வரைபடமாகப் போடுங்கள். வானத்தில் அதன் இடம்: மையம் வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் +24.1 பாகை. ஆரம் 2 பாகை, ஒளியளவு 15-க்குள். மொத்த அட்டவணையையும் இறக்கப் போனால்தான் லேப்டாப் படுக்கும்.

பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறித் தெரியும் இடமாறு கோணத்தை மில்லி ஆர்க்செகண்டில் தருவார்கள். 1000-ஐ அதனால் வகுத்தால் தூரம் பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). கார்த்திகைக்கு கோணம் சுமார் 7.4, தூரம் சுமார் 135 பார்செக் வரும். விண்மீனை 10 பார்செக் தூரத்தில் வைத்தால் தெரியும் ஒளியளவே தனி ஒளியளவு. தனி ஒளியளவு = தோற்ற ஒளியளவு + 5 × மடக்கை(கோணம்) − 10.

தவறுவது இங்கேதான். நம்பையில் (பைதானின் கணக்கு நூலகம்) வெறும் ‘லாக்’ இயற்கை மடக்கை, ‘லாக்10’ என்று எழுதணும். கோணம் எதிர்மறையாக உள்ள விண்மீன்களும் வரும், அவற்றின் மடக்கை எடுத்தால் நம்பை நிற்காது, எச்சரிக்கையோடு எண்ணுக்குப் பதில் ‘nan’ (எண் அல்ல) என்று தரும். கோணம் அதன் பிழையைவிட 10 மடங்காவது இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் உள்ள அந்நிய விண்மீன்களை சுய இயக்கத்தால் (வானில் விண்மீன் வருடத்துக்கு நகரும் கோணம்) வடிகட்டணும். கொத்து வருடத்துக்குக் கிழக்கே சுமார் 20, தெற்கே சுமார் 45 மில்லி ஆர்க்செகண்ட் நகர்கிறது. ஒளியளவு எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். அதனால் கடைசியில் ஒளியளவு அச்சைத் தலைகீழாக்க மறந்தால் முதன்மை வரிசை (பெரும்பாலான விண்மீன்கள் அமையும் பட்டை) கவிழ்ந்து கிடக்கும்.

ஜாம்_2முறை:
அதை முடித்ததும் நிரலை ஒரு பக்கக் குறிப்போடு எங்காவது பொதுவில் போட்டு வையுங்கள். கோடைத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும்போது சுட்டி கொடுக்கலாம். இந்திய அறிவியல் அகாதெமிகளின் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு கோடையில் விண்ணப்பித்துப் பயனில்லை, அதற்குப் பல மாதங்கள் முன்பே கடைசித் தேதி வந்துவிடும். மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே பரிந்துரைக் கடிதம் தரப்போகும் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள்.